கருப்பன் நின்ற சேறு

குடித்து விழுந்தவன் நின்றபடி சாவதில்லை. அங்காளம்மாள் ஒரு வருஷமாக அதையே சொன்னாள், கேட்க ஆளில்லை.

பழவேற்காட்டுக் கோட்டை ஒல்லாந்தர் கையில் இருந்த காலம். பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏரிச் சேற்றைத் துழாவி, கையாலேயே இறால் பிடிப்பவள் அவள். புருஷன் கருப்பன், தருமலிங்கத்தின் சரக்குப் படகில் கூலியாள். போன வருஷ வெள்ளத்துக்குப் பிறகு அவனும் தருமலிங்கமும் சரக்கேற்றிப் போனார்கள். தருமலிங்கம் மட்டும் திரும்பினான். "கள்ளு குடிச்சிட்டு தண்ணியில உழுந்துட்டான்" என்றான். மறுநாள் தண்ணீர் வற்றியபோது, தொடைவரை புது வண்டலில் புதைந்து, நின்றபடியே கிடைத்தான் கருப்பன்.

ஆரணியாறு வருஷா வருஷம் வண்டலைக் கொட்டி ஏரியில் படகு வழியை மாற்றிவிடும். வெள்ளம் வடிந்ததும், பாதத்தால் சேறறிந்த பெண்களில் ஒருத்தி நடந்து பார்த்து மூங்கில் கழி நடுவாள். கழிக்கு வலப்பக்கம் ஆழம். பொய்க்கழி நட்டவள் அந்த ஊரில் இல்லை.

இந்த வருஷம் அங்காளம்மாள் நட்டாள். ஒவ்வொன்றையும் சரியான இடத்தில்.

"இவளா நட்டா? அப்போ மாத்தித்தான் நட்டிருப்பா, சேறு வலப்பக்கம்தான். இடப்பக்கமா உடுங்கடா" என்றான் தருமலிங்கம். அவன் அப்படித்தான் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும்.

படகு சேற்றில் தட்டியது. துடுப்புக்காரர்கள் இருவரும் இறங்கித் தள்ள மறுத்தார்கள். "கருப்பன் எறங்கினதே போதும்" என்றான் ஒருவன். தருமலிங்கமே குதித்துத் தள்ளினான். படகு விடுபட்டு, இருவரோடும் நீரோட்டத்தில் போயிற்று. அவன் கால் வரவில்லை. கடல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"அங்காளம்மா! பலகையத் தள்ளும்மே!"

சேற்றில் படுத்துக் கடக்கிற பலகை, கழியருகே நின்ற அவள் கக்கத்தில் இருந்தது.

"கழிய சரியாத்தான் நட்டேன். நீதான் நம்பல."

"தப்புதாம்மே! பலகை!"

"கருப்பன் இன்னா குடிச்சான்?"

சுற்றிலும் இறால் பிடித்த பெண்கள் பறியும் பல்லுமாக நிமிர்ந்தார்கள். தண்ணீர் அவன் மார்புக்கு வந்தது.

"ஒண்ணும் குடிக்கல."

"அவுங்களுக்குக் கேக்கல. கத்து."

"குடிக்கல! நான்தான் படகத் தள்ள எறக்கி உட்டேன்! கூப்புட்டுக்கினே இருந்தான், நான் திரும்பிப் பாக்கல!"

தண்ணீர் கழுத்தைத் தொடும்வரை நின்றுவிட்டுத்தான் பலகையைத் தள்ளினாள்.

"உட்டுட்டு வந்திருக்கலாமேக்கா" என்றாள் கூட இறால் பிடிக்கும் முத்தம்மாள்.

"செத்தா பாவம்னு அழுவாங்க. இவன் உசுரோட இருக்கணும்."

அதன்பின் அவன் படகில் ஒருவரும் ஏறவில்லை. படகை விற்று, இன்னொருவன் படகில் துடுப்புக் கூலிக்குப் போனான். அங்காளம்மாள் சாகும்வரை வருஷந்தோறும் ஒரு கழி கூடுதலாக நட்டாள், கருப்பன் நின்ற இடத்தில். எந்தப் படகுக்கும் அது தேவையில்லை. தருமலிங்கம் மட்டும் தினம் இரண்டு முறை அதைக் கடந்து போக வேண்டியிருந்தது.