நான் எடுத்த வாக்குத்தத்தம்

ஜிகினாத் தூள் விரலில் ஒட்டினால் அவ்வளவு சுலபத்தில் போகாது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகத்தின் ஓரத்தில் ஒன்றிரண்டு மினுக்கிக்கொண்டிருக்கும், சோறு பிசையும்போது ரசத்தில் மிதக்கும், தலையைச் சொறிந்தால் முடிக்குப் போய்விடும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு புத்தாண்டுக் காலையில் என் விரலில் ஒட்டிய தூள் சங்கராந்தி லீவு வரைக்கும் போகவில்லை என்றுதான் எனக்கு நினைவு. அப்படி இருந்திருக்க வழியில்லை என்று தெரியும். ஆனாலும் அந்த நாட்களில் நான் கையை மறைத்துக்கொண்டே திரிந்தேன்.

தூள் ஒட்டியது ஒரு வாக்குத்தத்த அட்டையிலிருந்து. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த மாடி ஹால்தான் எங்கள் சபை. ஆராதனையின் நடுவே கீழேயிருந்து பன் வேகும் வாசனை எழும்பி வந்து, உபவாசம் இருப்பவர்களைச் சோதிக்கும். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும், லேஸ் துணி விரித்த எவர்சில்வர் தட்டில், ஓரமெல்லாம் ஜிகினா பூசிய சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து அடுக்கி வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம் இருக்கும். வீட்டுக்கு ஒரு அட்டை. அந்த வசனம்தான் அந்த வருஷத்துக்கு அந்த வீட்டுக்குக் கர்த்தர் கொடுக்கும் வாக்கு; அதைச் சுவரில் ஒட்டி, தினமும் சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும். எங்கள் சபையில் அட்டையை எடுப்பது வீட்டின் கடைசிப் பிள்ளையின் வேலை. "பெரியவங்க கை தேடும், பிள்ளைங்க கை தேடாது" என்பார் பாஸ்டர்.

நான் ஒரே பிள்ளை என்பதால் அந்தப் பதவி ஒவ்வொரு வருஷமும் எனக்குத்தான். அப்பா அந்த அட்டைகளை எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் ஒரு பக்கம் சிரிப்பு வரும். ஒரு வருஷம் பிரயாணத்தில் காப்பேன் என்கிற அர்த்தத்தில் ஒரு வசனம் வந்தது. அப்பா பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஆபரேட்டர்; இருட்டு பிரியுமுன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர், அந்த அட்டை வந்த மறுநாளிலிருந்து நிதானமாக நடக்க ஆரம்பித்து, ஒரே வாரத்தில் இரண்டு முறை பஸ்ஸைத் தவறவிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவருக்கு விசுவாசம் என்றால் சொன்னதைச் செய்வது, அவ்வளவுதான். அதற்குள் இடுக்கு, சந்து எதுவும் கிடையாது.

அந்தப் புத்தாண்டுக்கு முன்னால் வந்த டிசம்பரில் அம்மாவிடம் ஏதோ சரியில்லை என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. நாங்கள் குடியிருந்தது ஒரே வளாகத்துக்குள் ஏழு வீட்டுக்கு ஒரே குழாய் இருக்கும் குடியிருப்பு; அங்கே அதை "வட்டாரம்" என்பார்கள். குளிக்கும் தடுப்புக்குள் அம்மா நெடுநேரம் நிற்பாள். ஒருநாள் கதவு இடுக்கு வழியாக, இடது மார்பின் ஓரத்தை அவள் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஜெபத்தில் சரீர சுகத்துக்காக வேண்டும் இடம் வந்தால் அவள் முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்துக்கொள்வாள். என்ன வியாதி என்று தெரியாவிட்டாலும், வியாதி என்று தெரிந்துகொள்ளப் பத்து வயது போதும்.

அதனால்தான் அந்தக் காலையில் தட்டின் முன்னால் நின்றபோது என் கை தேடியது. முதலில் எடுத்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கன்னடம்தான், தமிழ் கிடையாது. சபையின் ஞாயிறு வகுப்பில் கற்றுக்கொண்டதுதான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பாடுகளை முடிவுவரை சகித்துக்கொள் என்கிற மாதிரி ஏதோ இருந்தது. பாஸ்டர் அடுத்த வீட்டாரின் தலைமேல் கை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். நான் அதை அடுக்கின் அடியில் சொருகிவிட்டு இன்னொன்றை எடுத்தேன், அதுவும் பிடிக்கவில்லை, மூன்றாவதை எடுத்தேன். அதில் சுகம் என்ற வார்த்தை இருந்தது. அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா அதை வாசித்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று மத்தியானம் அப்பாவிடம் முதன்முறையாகக் கட்டியைப் பற்றிச் சொன்னாள், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். வியாதி இருக்கிற செய்தியும் அது குணமாகும் செய்தியும் அப்பாவின் காதில் ஒரே மூச்சில் விழுந்தன. அவர் சுவரில் அந்த அட்டையை நான்கு மூலையும் பசை தடவி ஒட்டினார்.

பிறகு வந்த மாதங்களை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. பாஸ்டர் வீட்டுக்கு வந்து, ஜெபிப்போம், டாக்டரையும் பார்ப்போம், டாக்டரும் தேவன் கொடுத்தவர்தான் என்று எவ்வளவோ சொன்னார். கர்த்தர் வாக்குக் கொடுத்தபிறகும் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர் சொன்னதை நம்பவில்லை என்று ஆகாதா என்று அம்மா கேட்டாள். அப்பா அவள் பக்கம் நின்றார். பக்கத்து வீட்டு ஃபாத்திமா ஆன்ட்டி மட்டும், எங்கள் அல்லா மருந்து சாப்பிட வேண்டாமென்று சொன்னதில்லை, உங்கள் ஆண்டவர் மட்டும் எப்படிச் சொல்வார் என்று குழாயடியில் சண்டைக்கே நின்றாள். அம்மா சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டாள். ஏப்ரலில் அவளால் இடது கையில் குடம் தூக்க முடியவில்லை; நான்தான் தண்ணீர் பிடித்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் அப்பா, "நீ எடுத்தது, நீயே படி" என்பார். நான் படிப்பேன். நான் செய்த திருட்டை நானே தினமும் சத்தம்போட்டுப் படித்தேன்.

மே மாத லீவில் ஒரு மத்தியானம், அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்றாவது அட்டை என்று சொன்னேன். அது கர்த்தர் கொடுத்ததில்லை, நான் எடுத்தது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்மா என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திரும்பக்கூட இல்லை. அப்படிப் படுத்தபடியே பேசினாள்.

"நீ எந்தக் கார்ட எடுத்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன் ஜெசி. எனக்குப் பயம்டி."

அம்மா பக்கத்துத் தெரு நர்சிங் ஹோம் ஒன்றில் ஆயாவாக இருந்தாள். மார்பை எடுத்த பெண்களுக்குக் கட்டுப் பிரிக்கும்போது தோளைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. எட்டு வருஷமாகப் பிடித்திருக்கிறாள். அவர்கள் கத்துவதைவிட, கத்தி முடித்தபிறகு கண்ணாடி இருக்கும் பக்கம் திரும்பாமல் முகத்தை வைத்துக்கொள்வார்களே, அதைத்தான் தன்னால் தாங்க முடியாது என்றாள். ஆண்டவரை நம்பாமல் இல்லை, நம்புகிறேன், ஆனால் கத்திக்குக் கீழே போய்ப் படுக்க என்னால் ஆகாது என்றாள். அட்டை வந்ததும், போகாமலிருக்க ஒரு நல்ல காரணம் கிடைத்ததே என்றுதான் படியில் உட்கார்ந்து அழுதாளாம்.

"அப்பாகிட்ட இத சொல்லிடாத. என் விசுவாசத்த நம்பித்தான் அந்த மனுஷன் நிக்கிறாரு. அம்மா சொல்றேன், கீழ்ப்படி."

ஞாயிறு வகுப்பில் எங்களுக்கு வேறென்ன சொல்லிக்கொடுத்தார்கள்? தாய் தகப்பனுக்குக் கீழ்ப்படிகிற பிள்ளைதான் ஆண்டவருக்குப் பிரியமான பிள்ளை. ஒரு தப்பைச் செய்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்த எனக்கு, கீழ்ப்படிதல் என்ற வார்த்தை பெரிய பிடிமானமாக இருந்தது. நான் கீழ்ப்படிந்தேன். அன்று சாயங்காலம் அட்டையைப் படித்தபோது அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்பாவின் "ஆமென்" மட்டும் வட்டாரம் முழுக்கக் கேட்டது.

மழைக்காலத்தில் ஒருநாள் அம்மா குழாயடியில் மயங்கி விழுந்தாள். ஃபாத்திமா ஆன்ட்டி யாரையும் கேட்கவில்லை, ஆட்டோவைக் கூப்பிட்டு அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாள். வருஷ ஆரம்பத்தில் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை, அப்பா கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டும் நாள் வருமுன் அம்மா போய்விட்டாள்.

அடுத்த புத்தாண்டு ஆராதனையில், சாட்சி சொல்லும் நேரத்தில் அப்பா எழுந்தார். ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அம்மாவுக்குத் தெரியாமல் லீவு போட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று அவள் பேருக்கு ஓ.பி. சீட்டு வாங்கியதாகவும், அதை ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்துவிட்டுக் கிழித்துப் போட்டதாகவும் சொன்னார். அந்த ஒரு வார அவிசுவாசத்தால்தான் வாக்கு நிறைவேறவில்லை, என் மனைவியைக் கொன்றது நான்தான் என்றார். அப்படியெல்லாம் இல்லை பிரதர் என்று பாஸ்டர் இறங்கிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். அது அப்பாவின் காதில் ஏறவில்லை. நான் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு அப்போதும் கீழ்ப்படிந்தேன், பாவி. அந்த வாரத்திலிருந்து அப்பா வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்க ஆரம்பித்தார்.

இப்போது அந்த வட்டாரம் இல்லை. கீழே கார் நிறுத்தும் அடுக்கு வீடாகிவிட்டது. மாடி ஹாலில் ஜிம் நடக்கிறது. அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுகிறவர்களும் அருகிவிட்டார்கள். புத்தாண்டு விடிந்தால் போனில் வாக்குத்தத்தங்கள் வந்து குவிகின்றன, ஆளுக்கு இருபதுக்குக் குறையாமல் வரும், யாரும் எதையும் எடுக்க வேண்டியதில்லை, பிடிக்காததைத் தள்ளிவிட்டுப் போகலாம். நான் இன்றும் கோயிலுக்குப் போகிறேன். முழங்காலில் நிற்கிறேன். நான் நிற்பது நம்பிக்கையாலா, பயத்தாலா, வெறும் பழக்கத்தாலா என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரியாமலே நிற்கிறேன்.

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது, என்னோடுதான் இருக்கிறார். சர்க்கரை இருக்கிறது, பட்டினி கிடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியும் வெள்ளிக்கிழமை வாயில் பச்சைத்தண்ணீர் படாது. போன வெள்ளிக்கிழமை காலை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. உட்காரவைத்து, அம்மாவின் சொல்லை முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு மீறினேன். அட்டையை மாற்றியது, மே மாத மத்தியானம், நர்சிங் ஹோம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உங்கள் சீட்டு எந்த வாக்கையும் தடுக்கவில்லை, தடுக்கும்படி அங்கே வாக்கே இருக்கவில்லை என்றேன்.

அட்டையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அவளுக்குப் பயமா இருந்துச்சா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"என்கிட்ட சொல்லியிருந்தா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பனேம்மா. அவ பயப்படலன்னு நெனச்சுத்தானே நானும் பயப்படாத மாதிரியே இருந்தேன்."