மூன்று முறை நகர்த்திய தெறி

என் குரல் கம்மியபோது வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. சுன்னாகம் சந்தையில் நான் விலை பேசினால் நாலு கடைக்குக் கேட்கும். கொஞ்ச நாள் ஓய்வு கிடைத்தது என்றுகூட என் கணவர் நினைத்திருப்பார். இரண்டு மாதமாகியும் குரல் திரும்பவில்லை. சோறு விழுங்கும்போது காது வரை வலி இழுத்தது.

பயொப்சி (சதையில் சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல்வளையில் புற்றுநோய். கலியாணமான நாளிலிருந்து வெற்றிலையோடு புகையிலையும் போட்டவள் நான். யாரையும் நோவதற்கு இடமில்லை.

குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஸ்டோமா (மூச்சு விடுவதற்கான நிரந்தரத் துளை) வைத்தார்கள். இனி மூக்கால் மூச்சு இல்லை, வாயால் பேச்சும் இல்லை. ஒரு சிலேட்டும் சோக்கட்டியும் கையில் வந்தன. சோக்குத் தூளும் துளைக்கு ஆகாது என்று தாதி சொன்ன பிறகு பேனைக்கும் கொப்பிக்கும் (நோட்டுப் புத்தகம்) மாறினேன்.

வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை இவர் கோயிலுக்குப் போய் வந்தார். நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். நெற்றியில் திருநீறு பூசினார். நோய் உள்ள இடத்திலும் பூசுவது எங்கள் வழக்கம். வாய்க்குள் தேவாரத்தை முணுமுணுத்தபடி, ஒரு சிட்டிகையைத் துளையின் மேல் வைத்தார்.

கத்த முடியவில்லை. அவர் கையைத் தட்டிவிட்டு இருமினேன், இருமினேன், மூச்சு வரவில்லை. பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். அதன்பிறகு இவர் என் கட்டிலுக்கு இரண்டு முழம் தள்ளியே நின்றார். எனக்கு அவர் மேல் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

ஆகவே துளையை மூட ஒன்றைப் பின்னத் தொடங்கினேன். கனடாவில் இருக்கும் என் தங்கையின் பிள்ளைகளுக்கு முன்பு கம்பளி நூலில் தெறி (பொத்தான்) வைத்த கழுத்துப்பட்டி பின்னி அனுப்பியிருக்கிறேன். அதையே பருத்தி நூலில், தளர்வாக, எனக்காகப் பின்னினேன். இருபத்துநான்கு கண்ணி போட்டு, எல்லா வரியையும் ஒரே மாதிரிப் பின்னி, கழுத்தைச் சுற்றி வரும் நீளத்தில் தெறிக்கு ஒரு துளை விட்டு முடித்தால் சரி. குளிர்நாட்டுச் சாமானை யாழ்ப்பாண வெயிலில் போடுகிறாளே என்று பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம். அது தூசியைத் தடுக்கும், உள்ளே போகும் காற்றை ஈரமாக வைக்கும். தலைவழியாகப் போடுவதுபோல் பின்னாதீர்கள். இருமல் வந்தால் ஒரு கையால் கழற்ற வேண்டும்.

தெறியை இவருடைய பழைய சேட்டில் (சட்டையில்) இருந்து வெட்டினேன். முதல் நாள் கொப்பியில் எழுதினேன்: "நீங்களே பூட்டிவிடுங்கோ."

அன்றிலிருந்து தினமும் காலையில் கையை இரண்டு தரம் கழுவிவிட்டு வந்து பூட்டினார். திருநீறு நெற்றியோடு நின்றது.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் தெறி எட்டவில்லை.

"உந்த நூல் தோய்ச்சுத் தோய்ச்சுச் சுருங்கிப் போச்சு," என்றார்.

"ஓம்," என்று எழுதினேன்.

நூல் சுருங்கினால் அகலமும் சுருங்கும். அகலம் அப்படியே இருந்தது; கழுத்துத்தான் வீங்கியிருந்தது. பின்னியவளுக்கு அது தெரியாதா? தெரியும். மூக்கால் மூச்சு விடாததால் ஆஸ்பத்திரி வார்டின் மணம் எனக்கு இனி வராது என்றாலும் அங்கே போகப் பயம். தெறியை ஒரு விரல் தள்ளித் தைத்தேன். பிறகு இன்னும் இரண்டு முறை. கிளினிக் நாள் ஒன்றையும் காய்ச்சல் என்று சொல்லித் தவறவிட்டேன்.

கடைசியில் போனபோது டொக்டர் கழுத்துப்பட்டியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். பழைய தையல் அடையாளங்கள் வரிசையாக இருந்தன.

"அம்மா, இந்தத் தெறியை எத்தினை தரம் மாத்தித் தைச்சனீங்கள்?"

மூன்று விரலைக் காட்டினேன்.

"நூல் சுருங்கினதெண்டு நான்தான் சொன்னனான், டொக்டர்," என்றார் இவர்.

கழுத்தின் நிணநீர்க் கணுவில் (உடலின் காவல் முடிச்சுகளில் ஒன்று) நோய் திரும்பியிருந்தது. இனி வெட்ட முடியாது, கதிர்ச் சிகிச்சையால் கொஞ்சம் தாமதப்படுத்தலாம் என்றார் டொக்டர். முதல் தடவையே வந்திருந்தால் என்று நான் எழுதத் தொடங்கினேன். டொக்டர் கொப்பியை மெதுவாக மூடினார்.

இதைப் படிக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தெறி எட்டாத அன்றே போங்கள். ஊசியை எடுக்காதீர்கள்.

இப்போது புதிதாக ஒன்று பின்னியிருக்கிறேன். தெறியை நகர்த்தாமல் இருக்க, ஓரத்தில் ஐந்து துளைகள் விட்டேன். உள்ளே இருப்பது முதலாவது; கழுத்து வீங்க வீங்க வெளித் துளைக்குப் போகவேண்டும். முதலாவதில் ஒரு மாதம், இரண்டாவதில் மூன்று கிழமை (வாரம்). கதிர்ச் சிகிச்சை முடிந்தபோது இரண்டாவதிலிருந்து முதலாவதற்குத் திரும்பினோம். இவர் அன்று பாயாசம் காய்ச்சினார். சீனி போட மறந்துவிட்டார். நான் குடித்தேன்.

கலண்டரை இருவரும் பார்ப்பதில்லை. காலையில் கை கழுவும் சத்தம் கேட்கும். வருவார், என் மூச்சின் சூடு விரலில் படும்படி குனிவார், இழுக்காமல் பூட்டுவார்.

இன்று நாலாவது துளை.