சத்தம் போட்டுப் படிக்க ஓர் அறை

போன வாரம் திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த கல்லூரிக்குப் போயிருந்தேன். நூலகத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் புது பிளைவுட் வாசனை. கண்ணாடி அறைகள், சக்கரம் வைத்த மேசைகள். "இங்க ஸ்டூடன்ட்ஸ் தாராளமா பேசலாம் மேடம்," என்றார் இப்போதைய நூலகர், பெருமையாக. எனக்குச் சிரிப்பு வந்தது. இதே வாசனை அடித்த ஓர் அறைக்காக மெமோ வாங்கியவள் நான்.

அப்போது நான் உதவி நூலகர். வேலைக்குப் புதிது, அதனால் மிடுக்கு அதிகம். யாராவது வாயைத் திறந்தால் ஸ்கேலால் மேசையைத் தட்டுவேன். நூலகத்தில் கேட்கும் ஒரே சத்தம் அதுதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு நாள் கலைவாணியை வெளியே போகச் சொன்னேன். காத்திவாக்கத்துப் பெண், இரண்டாம் ஆண்டு. வேதியியல் புத்தகத்தைத் தோழிகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை.

"பொஸ்தகம் ஒண்ணுதான் கீது மேடம், வெளிய எட்த்துகினு போவவும் வுட மாட்றீங்கோ. நாங்கோ ஆறு பேரு. நாலு மணிக்கு எறா உரிக்க நான் வூட்டாண்ட நிக்கணும். இந்த தபா பெயிலானா காலேஜே வாணாம்னுட்டாரு நைனா. இன்னா பண்ண சொல்றீங்கோ?"

வெட்கமாக இருந்தது.

மறுநாளே பின்னறையில் அடைந்துகிடந்த பழைய பத்திரிகைகளைக் காலி செய்தேன். பிளைவுட்டில் ஒரு தடுப்பு போட்டு, நாலு பெஞ்சை எதிரெதிரே இழுத்துப் போட்டேன். முதல்வர் வந்து எட்டிப் பார்த்தார்.

"லைப்ரரிய மீன் மார்க்கெட் ஆக்கிட்டீங்களேம்மா."

"ஆகட்டும் சார். இவங்க பாஸாகணும்."

மெமோ வந்தது. அதை டிராயரில் போட்டுவிட்டு மறுநாளும் அறையைத் திறந்தேன். அதற்கு மறுநாளும்.

கலைவாணிக்கு அலைச் சத்தத்தை மீறிக் கேட்கும் கடலோரக் குரல். அதனால் எப்போதும் அவளே படிப்பாள், மற்ற ஐவரும் குறிப்பெடுப்பார்கள். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் கவனித்தேன், அவள் நோட்டு வெள்ளையாக இருந்தது. பதறிப்போனேன். அந்தப் பெண்கள் அலட்டிக்கொள்ளவில்லை. அவளை நடுவில் உட்கார வைத்து, தங்கள் நோட்டிலிருந்து முறை போட்டு அவளுக்குப் படித்துக் காட்டினார்கள். பாஸாகிவிட்டாள்.

அந்தப் பின்னறையை இடித்துத்தான் கண்ணாடி அறைகளைக் கட்டியிருக்கிறார்கள். நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். புத்தகம் ஆளாளுக்கு போனிலேயே இருக்கிறது. ஓர் அறையில் ஆறு பெண்கள் காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்தவளுக்காகத் தன் நோட்டை வெள்ளையாக விட்டுவைக்கிற ஒருத்தியைக் காணோம்.