பால்மா டின்னுக்குள் மிளகாய்த்தூள்

1985ஆம் ஆண்டின் மாசி மாதக் குளிரில், பாரிஸ் லா சப்பலில் நடந்தது இது. எத்தியோப்பியாவில் பஞ்சம். தொலைக்காட்சியில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த பிள்ளைகளைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் அப்போது கைக்குழந்தை. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எங்கள் ஈழத்து ஆட்களின் கதவையெல்லாம் தட்டிப் பால்மா டின் சேர்த்தேன். நகரை ஒட்டிய ஒபர்வில்லியேயில் இருந்த நிவாரணக் கிடங்கில் கொண்டுபோய்க் கொடுத்தும் விட்டேன்.

மறுநாள் காலை கீழ்வீட்டு அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். "பிள்ளை, நான் தந்ததிலை ஒண்டு தூள் டின்னடி! இப்பதான் கறிக்குத் தேடுறன்."

ஊரில் மிளகாயை வறுத்து இடித்துத் தூளாக்கி, பழைய பால்மா டின்னில் அடைத்து இங்கே அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். வெளியே பார்த்தால் பால், உள்ளே மிளகாய். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாள்கணக்கில் நடந்து வரும் ஒரு தாய்க்கு இதுவா கிடைக்க வேண்டும்?

"உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?" என்று அக்காவை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, குழந்தையோடு பஸ் ஏறினேன்.

கிடங்கில் பெட்டிகளை ஒட்டி முடித்திருந்தார்கள். மத்தியானம் லொறி வரும், இனிப் பிரிக்க முடியாது என்றார் பொறுப்பாக இருந்த பிரெஞ்சுப் பெண். என் அரைகுறை பிரெஞ்சில் "பால் இல்லை, மிளகாய்" என்று சொல்லிச் சொல்லிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றேன். அசையவில்லை. கடைசியில் அவரே கத்தியை எடுத்தார்.

குழந்தையை ஒரு வெறும் பெட்டிக்குள் படுக்க வைத்தேன். கரண்டிக் காம்பால் மூடியை நெம்பி, உள்ளே ஈயத்தாள் கிழியாமல் இருந்தால் பால்மாதான் என்று மூட வேண்டும். எட்டாவது பெட்டியில் அந்தப் பெண் தும்மத் தொடங்கினார். அகப்பட்டுவிட்டது!

போதும் என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. எல்லாம் எங்கள் ஆட்கள் தந்த டின் அல்லவா? லொறி வந்து நிற்கிறது, நான் நெம்பிக்கொண்டே இருக்கிறேன். கடைசிப் பெட்டியில் இன்னொரு தூள் டின்! அடியில் ஒட்டிய பிளாஸ்டரில், அம்மாவின் கையெழுத்தில், என் பெயர்.

அவசரத்தில் என் அடுப்படியிலிருந்து நானே அள்ளிப் போட்டது. முகத்தை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

இரண்டு தூள் டின்னோடும் திரும்பி வந்து நேரே அக்காவின் கதவைத் தட்டினேன். "அக்கா, என்ரையும் ஒண்டு போயிருக்கு. ஏசினதுக்கு மன்னியுங்கோ."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வா, ரெண்டையும் கலந்து மீன்குழம்பு வைப்பம்."

பிறகும் எத்தனையோ நிவாரணத்துக்குச் சாமான் சேர்த்திருக்கிறேன். மற்றவர்கள் தந்ததைச் சோதிக்கும் முன், நான் கொடுப்பதன் மூடியைத்தான் முதலில் திறந்து பார்க்கிறேன்.