எங்கே போறீங்க அண்ணி

எங்கள் சித்தப்பா விமானம் தள்ளுகிறவர் என்றுதான் எங்கள் வீட்டில் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். தவறு எங்களுடையதல்ல, தமிழுடையது. கனடாவின் வடகோடியிலிருந்து, புனாவில் எங்கள் கட்கி பஜார் முனையில் இருந்த மளிகைக் கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணா, நான் புஷ் பைலட் ஆயிட்டேன்" என்று அவர் சொன்னாராம். ஒரே ஒரு 'ப'வை வைத்துக்கொண்டு உலகத்தையே சமாளிக்கிறவர்கள் நாம். அப்பா காதில் விழுந்தது கதவில் எழுதியிருக்கிற புஷ். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விளக்கியிருக்கிறார்: சின்ன விமானமாம், முதலில் தள்ளிக் கிளப்பிவிட்டு அப்புறம் ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. எங்கள் ஸ்கூட்டர் தினமும் காலையில் அப்படித்தான் கிளம்பியது என்பதால் அம்மாவுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

நான் பிறப்பதற்கு முன்பே ஊரை விட்டுப் போனவர் சித்தப்பா. விமானம் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் எடுபிடி வேலைக்குப் போய், பழுதுபார்த்ததை ஓட்டியும் பார்க்கலாமே என்று கற்றுக்கொண்டு, அப்படியே வடக்கே வடக்கே நகர்ந்து, மேலே போக மனுஷர் இல்லாத இடத்தில் நின்றிருக்கிறார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம், நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த விடுமுறையில், முதல் தடவையாகத் திரும்பி வந்தார்.

தொப்பியும் தோளில் பொன்கோடுகளும் எதிர்பார்த்து கட்கித் தமிழர்கள் பாதிப் பேர் எங்கள் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றிருந்தோம். ஆட்டோவிலிருந்து இறங்கியவர் கட்டம்போட்ட கம்பளிச் சட்டையும், கிணறு தோண்டப் போகிறவர் போட்டுக்கொள்கிற மாதிரி பூட்ஸும் போட்டிருந்தார். பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மாள், எங்களுக்கெல்லாம் காக்கு, என் அம்மாவின் காதில், இவர் பைலட்டா, பைலட்டின் சாமானைத் தூக்கி வந்தவரா என்று கேட்டாள்.

வந்த அன்றே 'புஷ்' சமாசாரம் தெளிவாகிவிட்டது. புஷ் என்றால் புதர், காடு, ரோடு போடாத பூமி. அங்கே விமானம்தான் மாட்டுவண்டி. கோடையில் அடியில் மிதவை கட்டி ஏரியில் இறக்குவார்கள். குளிர்காலத்தில் சறுக்குக் கட்டையைக் கட்டி அதே ஏரியின் பனிமேல் இறக்குவார்கள். மாவு மூட்டை, நாய்கள், பிரசவ வலி எடுத்த பெண், பல் பிடுங்கும் டாக்டர், எல்லாம் ஒரே விமானத்தில். தள்ளுகிற வேலையே கிடையாதா என்று அம்மா சற்று ஏமாற்றத்தோடு கேட்டாள். பனியில் ஒட்டிக்கொண்டால் இறங்கித் தள்ளத்தான் வேண்டும் என்று சித்தப்பா ஒப்புக்கொண்டார். அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். கடுங்குளிரில் என்ஜின் எண்ணெயை வடித்து வைத்திருந்து காலையில் அடுப்பில் சுடவைத்து ஊற்றுவதுண்டு என்று அவர் சொன்னபோது, "தாளிக்கிறதுதானே" என்று தொழிலையே தன் வசப்படுத்திக்கொண்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, மறுநாள் காலை அம்மா கூடையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பும்வரை.

"எங்க போறீங்க அண்ணி? எத்தனை மணிக்கு வருவீங்க?"

அம்மா வாசல்படியில் அப்படியே நின்றாள். வெளியே கிளம்புகிறவரை 'எங்கே' என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. தெரிந்தே ஆகவேண்டும் என்றால் 'தூரமா?' என்று கேட்கலாம். நிலாவுக்கே போவதாக இருந்தாலும் 'இதோ பக்கத்துலதான்' என்பது அதற்கு விடை. வேலூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் தாத்தா காலத்தில் ரயிலேறி கட்கிக்கு வந்து, பாதித் தமிழை வழியில் தொலைத்து, கொத்தமல்லியைக் கோத்மீர் என்று சொல்ல ஆரம்பித்துவிட்ட பிறகும், இந்த ஒன்றை மட்டும் எங்கள் ஆட்கள் விடவில்லை. அம்மா உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, புதிதாகக் கிளம்பினாள்.

சித்தப்பாவால் அந்தக் கேள்வியை விட முடியவில்லை. அவர் தொழிலில் அது உயிர். கிளம்புகிற ஒவ்வொருவனும் யாராவது ஒருவரிடம் எந்த ஏரி, எத்தனை மணி என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சொன்ன நேரம் தாண்டினால் கேட்டவர் தேடப் புறப்பட வேண்டும். அவர் முன்பனிக்காலத்தில் வேட்டைக்காரர்களை ஏதாவது ஏரிக்கரையில் தனியாக இறக்கிவிட்டு வருவாராம். சில மாதம் கழித்து, சொன்ன நாளில் போய் அழைத்து வருவாராம். "போகலைன்னா?" என்று நான் கேட்டேன். "போவேன்" என்றார். கேட்காமல் ஒருவரை அனுப்புவது, செத்துப்போ என்று அனுப்புகிற மாதிரி என்றும் சொன்னார். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

அந்த மாதம் எங்கள் வீட்டில் குடிக்கப்பட்ட தண்ணீருக்குக் கணக்கில்லை.

நான் மட்டும் கட்சி மாறினேன். பக்கத்து வீட்டுக்குப் பல்லாங்குழி ஆடப் போனாலும், "காக்கு வீடு, அஞ்சரை மணி" என்று அவரிடம் அறிக்கை கொடுத்துவிட்டுப் போனேன். ஐந்து முப்பத்தொன்றுக்கு அவர் வாசலில் வந்து நிற்பார். நம்மைத் தேடி ஒருவர் வந்து நிற்பதில் இருக்கும் சுகத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. இன்றைக்கும் என் வீட்டில் யார் பால் வாங்கப் போனாலும் எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டு உயிரை வாங்குகிறேன்; அதில் எனக்குக் கிடைப்பது அந்தச் சுகத்தின் சில்லறைதான்.

அவர் ஏன் மே மாதம் வந்தார் என்பதற்கும் காரணம் இருந்தது. அங்கே பனி உருகும் பருவம் அது. சறுக்கு இறங்குமளவு பனி கெட்டியாக இருக்காது, மிதவை இறங்குமளவு தண்ணீராகியும் இருக்காது. பறக்க வழியில்லாத சில வாரங்கள். ஏரி முழுக்க உருகியதும் அங்கிருந்து கூப்பிடுவார்கள், இவர் போய்விடுவார். இது தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பேர் கனடாவின் தட்பவெப்பத்தில் அக்கறை கொண்டோம். நான் ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டை அடிக்கடி திறந்து பார்த்து, கெட்டியாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்தேன். அப்பா ஃபாக்டரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னும் உருகலையாமா?" என்று சும்மா கேட்பது மாதிரி கேட்பார். இங்கேயே இருந்துவிடேன் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. எங்கள் அப்பா யாரையும் எதையும் கேட்கிறவர் அல்ல. பஸ்ஸில் தவறான இடத்துக்கு டிக்கெட் கொடுத்துவிட்டால் அந்த இடத்தில் இறங்கி நடந்து வருகிறவர்.

ஒரு நாள் ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போன அப்பா ஏழாகியும் வரவில்லை. ஓவர்டைமாக இருக்கும் என்றாள் அம்மா. சித்தப்பா எழுந்தார். பெட்டியிலிருந்து உலக்கை மாதிரி ஒரு டார்ச்சை எடுத்தார். மூன்று செல் போடுகிற டார்ச் அது. போர்வை, ஒரு சுருள் கயிறு, குளுகோஸ் பிஸ்கட், பிளாஸ்க்கில் டீ, எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கயிறு எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, தெரியாது, ஆனால் இருக்க வேண்டும் என்றார்.

கடைசியாக எங்கே பார்த்தார்களோ அங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பது விதி. ஃபாக்டரி கேட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் சினேகிதர், அவர் மதியமே லீவு சொல்லிவிட்டு ஏர்போர்ட் பஸ் ஏறினாரே என்றார். ஆட்டோ பிடித்தோம். விமான் நகர் அப்போது பெயரளவில்தான் நகர். பாதி காலி மனை. ஏர்போர்ட்டுக்குப் போகும் சாலையில், ஏதோ ஒரு ஆபீஸ் வாசலுக்கு எதிர்ப்புறம், மைல்கல் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெட்டி ஹாப்பூஸ் மாம்பழம்.

சித்தப்பா டார்ச்சை அவர் முகத்தில் அடித்தார். வெளிச்சத்தில் அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெளிந்தார்.

"நான் என்ன ஆடா, காணோம்னு தேடிட்டு வர்றதுக்கு?"

"ஆறுன்னு சொன்னீங்கண்ணா. சொன்ன நேரத்துக்கு வரலைன்னா தேடணும்."

விஷயம் மெல்ல வெளியே வந்தது. உள்ளே இருந்த அதிகாரி ஒருவரைப் பிடித்தால் இங்கேயே, புனாவிலேயே, தொப்பியும் கோடும் வைத்த வேலை ஒன்று தம்பிக்குக் கிடைக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதிகாரி வெளியே வரவே இல்லை. யாரையும் எதையும் கேட்காத மனுஷர், மதியத்திலிருந்து மாம்பழத்தோடு உட்கார்ந்திருக்கிறார், கேட்பதற்காக.

சித்தப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தார். அப்பா அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, சத்தம் உயர்த்தாமல் சொன்னார்:

"ரெண்டு வருஷத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனே. உன் கணக்குப்படி பாத்தா நாங்க உன்னை எப்பவோ தேடிக் கிளம்பியிருக்கணும்டா."

தலைக்கு மேல் ஒரு விமானம் சக்கரங்களை நீட்டிக்கொண்டு தாழ்வாக இறங்கியது. நான் அண்ணாந்து பார்த்துக் கையாட்டினேன். அவர்கள் இருவரும் பார்க்கவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் மாம்பழப் பெட்டியை உடைத்தோம். அந்த மாதிரி இனிப்பான பழத்தை நான் அப்புறம் சாப்பிட்டதில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் இரண்டு பழம் புளித்தது. மூவரும் கயிறு வைத்த பைமேல் சாறு வடியவிட்டுக்கொண்டே கட்கி வந்து சேர்ந்தோம்.

அடுத்த வாரம் மளிகைக் கடைக்காரர் பையன் ஓடிவந்தான். கனடாவிலிருந்து போன். ஏரி உருகிவிட்டது.

கிளம்புகிற அன்று அம்மா காலையிலிருந்தே எனக்கு உரு ஏற்றினாள்: எங்கே, எப்போது, ஒரு கேள்வியும் கூடாது. சித்தப்பா எல்லோரையும் கும்பிட்டார். என்னைக் கூப்பிட்டு அந்த டார்ச்சை என் கையில் கொடுத்தார். இது தேடுகிறவர்கள் கையில் இருக்க வேண்டிய சாமான் என்றார். பிறகு வாசற்படியில் நின்று, "வரேன்" என்றார்.

சொல்லிவிட்டுப் போகவில்லை. குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். மறுபடி குனிந்து இன்னொரு பூட்ஸை அவிழ்த்துக் கட்டினார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். காக்குகூட, எங்களோடு இருந்து பழகிய தோஷம், ஒன்றும் கேட்காமல் நின்றாள். அப்பா, "பாத்துப் போ" என்றார். அவ்வளவுதான். ஆட்டோ திரும்பும்வரை சித்தப்பா தலையை வெளியே நீட்டியபடி இருந்தார். ஏதோ சாமானை மறந்துவிட்டார் போல என்று நான் நினைத்தேன்.

அவர் அப்புறம் வரவில்லை. போன் வரும், ஏரி, பனி, உடம்பு, எல்லாம் பேசுவார். அப்பா நலம் விசாரிப்பார். எப்போது வருகிறாய் என்று மட்டும் அவர் கேட்டு நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் முதல் தடவை கரண்ட் போனபோது அம்மா இருட்டில் மெழுகுவத்திக்காகத் துழாவி, எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். டார்ச்தான் இருக்கிறதே என்று நான் வாசல் பக்கத்து ஆணியிலிருந்து எடுக்கப் போனேன். முந்தின நாள்தான் அப்பா அதற்குப் புது செல் போட்டிருந்தார். பழையது தீராமலே போட்டிருந்தார்.

"அதை வை" என்றது அப்பாவின் குரல், இருட்டுக்குள்ளிருந்து. "அது அதுக்கில்ல."

பின்னே எதற்கு என்று நான் கேட்கவில்லை. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது எனக்கு அதற்குள் நன்றாகக் குழம்பிப் போயிருந்தது. டார்ச்சை ஆணியில் திரும்ப மாட்டினேன். அம்மா மெழுகுவத்தியைக் கண்டுபிடித்துவிட்டாள்.