தோற்கிறவரைக்கும் சேர்த்துக்கொண்டார்கள்

2012இல் என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். அதற்கு முந்திய வருடம்தான் மெல்பேர்ன் புறநகரான கிரான்பர்னில் வீடு எடுத்து வந்திருந்தோம். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது என்பதற்காகவே வந்தோம். பிறந்தபோது அவளை ஆண் பிள்ளை என்றுதான் பதிந்தார்கள். ஆரம்பப் பள்ளியில் இருக்கும்போதே தான் பெண் என்று சொல்லிவிட்டாள். வைத்தியர்களிடம் போனோம், பெயரை மாற்றினோம். பழைய பள்ளிப் பிள்ளைகள் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிப்பதை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. புதுப் பள்ளியில் அதிபருக்கும் துணை அதிபருக்கும் மட்டும் விஷயம் தெரியும். மற்றவர்களுக்கு அவள் பின்வரிசையில் இருக்கிற, அதிகம் கதைக்காத ஒரு பிள்ளை.

பள்ளிக்கு வெளியே ஒரு குடும்பத்துக்குத் தெரியும். நாங்கள் மெல்பேர்னுக்கு வந்த புதிதில் பக்கத்து ஃபிளாட்டில் இருந்தவர்கள். அந்த வீட்டுக்காரி என் சிநேகிதி, என் பிள்ளையைக் கைக்குழந்தையாகத் தூக்கியவள். கிரான்பர்ன் வீட்டை எங்களுக்குக் காட்டியதும் அவள்தான். அவளுடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. பள்ளி முடிந்து இருவரையும் ஒருநாள் நான் கூட்டிவருவேன், ஒருநாள் அவள் கூட்டிவருவாள்.

அந்த வருடம் பள்ளியின் பெண்கள் வலைப்பந்து அணிக்கு ஆள் போதவில்லை. விளையாட்டு ஆசிரியை வகுப்பில் கேட்டபோது என் மகளும் கை தூக்கினாள். துணை அதிபரும் சம்மதித்தார். மகள் வேகமாக ஓடமாட்டாள். ஆனால் கோல் வளையத்துக்குக் கீழே நின்று பந்து போடுவதில் அவளுக்கு நல்ல கை. வீட்டில் கார் நிறுத்துகிற இடத்தில் மாலை முழுக்கப் போட்டுப் பழகுவாள். பந்து கராஜ் கதவில் விழுந்து விழுந்து கதவே நெளிந்தது. அவள் சத்தமாகச் சிரித்ததை அந்த மாதங்களில்தான் கேட்டேன்.

முதல் நாலைந்து ஆட்டங்களில் அணி படுமோசமாகத் தோற்றது. பெற்றோர் எல்லோரும் வேலிக்கு வெளியே நின்று கை தட்டினோம். பிள்ளைகள் தோடம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு வெல்லத் தொடங்கினார்கள். ஆசிரியை என் மகளைக் கோல் ஷூட்டராக நிரந்தரமாக நிறுத்தினார். அதுவரை அந்த இடத்தில் விளையாடிய சிநேகிதியின் மகள் பாதி ஆட்டம் வெளியே இருக்க வேண்டிவந்தது. பிள்ளைக்கு முகம் வாடியது எனக்கும் தெரிந்தது. ஆட்டம் முடிந்து ஒன்றாகக் காரில் வரும்போது சிநேகிதி வெயிலைப் பற்றியும் கறி மிளகாய் விலையைப் பற்றியும் கதைத்தாள். அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை துணை அதிபர் கூப்பிட்டார். நானும் கணவரும் போனோம். மிகவும் இனிமையான பெண். தேநீர் வேண்டுமா என்று கேட்டார். ஒரு பெற்றோர் முறைப்பாடு செய்திருப்பதாகவும், யார் என்று சொல்ல முடியாது என்றும், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட போட்டிகளில் உடல் பலத்தைக் காரணம் காட்டி ஒருவரை விலக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது என்றும் சொன்னார். எல்லோருக்கும் நியாயமாக இருக்க வேண்டுமே என்றார். தொடர்ந்து விளையாடுவதென்றால் அவளுடைய உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று வைத்தியரிடம் எழுதி வாங்கி வரவேண்டும், அதை மாவட்டப் போட்டி நடத்துகிறவர்களும் பார்ப்பார்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு வருகிற மாற்றங்கள் அவளுக்கு வராமல் மருந்து தடுத்து வைத்திருந்தது. அதைச் சொன்னேன். அணியிலேயே உயரத்தில் அவள் கடைசிக்கு முந்தின ஆள், மைய ஆட்டக்காரி அவளைவிட ஒரு தலை உயரம் என்றும் சொன்னேன். துணை அதிபர் தலையாட்டினார். விளங்குகிறது, ஆனால் அது வேறு விஷயம் என்றார். வேண்டுமானால் மகள் அணியோடேயே இருக்கலாம், புள்ளி குறிக்கலாம்.

அந்தக் கேள்வியே கேட்கக்கூடாத கேள்வி என்று நான் சொல்லமாட்டேன். பெரியவர்கள் ஒலிம்பிக்கைப் பற்றி அதைக் கேட்கட்டும். இங்கே கேட்டது பதின்மூன்று வயதுப் பிள்ளை பந்து போட்டதைப் பற்றி.

அந்த வார முடிவுக்குள் பள்ளி முழுவதற்கும் தெரிந்துவிட்டது. எப்படி என்று யாரும் சொல்லவில்லை. உடை மாற்றும் அறையில் அவள் நுழைந்ததும் இரண்டு பிள்ளைகள் துவாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியேறினார்களாம். முந்தின கிழமை அவள் தோளில் சாய்ந்து சிரித்த பிள்ளைகள். அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் படுத்தாள். கணவர் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். அவளை மகள் என்று வாய்விட்டுச் சொல்லவே ஒரு வருடம் எடுத்த மனிதர் அவர்.

"விடட்டும். படிக்கட்டும்," என்று என்னிடம் சொன்னார். "இனி ஒருத்தருக்கும் இவவைப் பற்றி எழுதிக் காட்டத் தேவையில்லை."

சனிக்கிழமை சிநேகிதி வந்தாள். குசினியில் கதிரையை இழுத்துப் போட்டு, எப்போதும் போல, நான் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தில் பாதியைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நான்தான் ஸ்கூலுக்குச் சொன்னனான்," என்றாள். "உங்களிட்டை மறைக்க எனக்கு விருப்பமில்லை."

முதலில் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்கள் அழுதிருப்பீங்கள். ஸ்கூல் எண்டா முறையாச் செய்வினம். என்ட பிள்ளையும் ரெண்டு வருசமா விளையாடுறவ. அவவுக்கும் ஒரு இடம் வேணும்தானே? உங்கட பிள்ளை நல்ல பிள்ளை, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா உடம்பு உடம்புதானே."

"உங்கட பிள்ளைக்கு இடம் வேணுமெண்டு டீச்சரிட்டைக் கேட்டிருக்கலாம்," என்றேன். "என்ட பிள்ளையைப் பற்றி ஏன் சொன்னனீங்கள்?"

அவள் இன்னொரு வெங்காயத்தைக் கையில் எடுத்தாள். வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து போனாள். அதைத்தான் என்னால் இன்னும் தாங்கமுடியவில்லை. அந்த வெங்காயம் முழுவதையும் குப்பையில் கொட்டினேன். அதன் பிறகு அவளோடு நான் கதைக்கவில்லை. கோயிலில் கண்டால் அவள் சிரிப்பாள். நான் விபூதி எடுக்கிற பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மகள் புள்ளி குறிக்கப் போகவில்லை. அணிச் சட்டையைத் தானே தோய்த்து, மடித்து, ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு வந்தாள். ஆசிரியை அழுதாராம். ஆனால் அவளுக்காக யாரிடமும் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. அணி அரையிறுதியில் தோற்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க நான் முயற்சி செய்யவும் இல்லை.

அடுத்த வருடம் துணை அதிபர் மறுபடியும் தொலைபேசி எடுத்தார். பள்ளியில் எல்லோரையும் அரவணைக்கும் நாள் ஒன்று கொண்டாடுகிறார்களாம். மகள் மேடையில் ஏறித் தன் அனுபவத்தைக் கொஞ்சம் சொன்னால் மற்றப் பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும் என்றார். அப்படியென்றால் அவள் இனி விளையாடலாமா என்று கேட்டேன். அதைத் தனியாக ஒரு நாள் கதைப்போம் என்றார்.

மகளிடம் சொன்னேன். நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "டெல் ஹெர் ஐம் பிஸி," என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டாள்.

அந்த நாளில் காய்ச்சல் என்று சொல்லி அவளை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். மறுநாள் போனபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்த வானவில் நிறக் கைப்பட்டியில் ஒன்றை அவளுடைய மேசையிலும் வைத்திருந்தார்களாம். அதை அவள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.