நெஞ்சுல ஒரு சின்ன ஆபரேஷன்

அந்தப் பேக்கரியின் பின்கட்டில் பனியன் போட்டிருப்பவரே மரியாதைக்காரர். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு அதுவும் கிடையாது. இடுப்பில் ஒரு துண்டு, தோளில் ஒரு துண்டு, நடுவில் அவருடைய வயிறு. அந்த வெக்கையில் அதற்கு மேல் எதையாவது போட்டுக்கொண்டால் மனிதனும் பன்னோடு சேர்ந்து வெந்துவிடுவான்.

பன்னுக்கு மாவு உருட்டும் அவன் மட்டும் வேகவில்லை. உள்ளே ஒரு பனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதற்கும் மேலே கழுத்திலிருந்து முழங்கால்வரை தொங்கும் தடித்த துணி ஏப்ரன். வியர்வை புருவத்தில் சொட்டும். ஏப்ரன் நாடாவை ஒரு முறைகூடத் தளர்த்தியதில்லை. சேர்ந்த மாதமே அவனுடைய சொந்தப் பெயர் காணாமல் போய், எல்லோருக்கும் அவன் ஏப்ரன் ஆனான்.

"டேய் ஏப்ரன், குளிக்கும்போதாவது கழட்டுவியா, இல்ல அதையும் சேர்த்தே சோப்பு போடுவியா?" என்பார் அடுப்பு அண்ணன்.

"சோப்பு போட்டா நூல் விட்டுடும்ணே" என்று சொல்லிவிட்டு உருண்டை பிடிப்பான்.

உருண்டை பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பன்னுக்கு அறுபது கிராம் மாவு. கிள்ளி எடுத்தால் அறுபதுதான். தராசு சும்மா பெருமைக்கு மேசையில் உட்கார்ந்திருந்தது. மாவு மேசைக்குத் தலைவரான மாஸ்டருக்கும் அவனுக்கும்தான் அந்தக் கை. ஒருமுறை சுகாதார அதிகாரி சோதனைக்கு வந்தபோது, "இந்தத் தம்பி மாதிரி எல்லாரும் இருக்கணும். எவ்வளவு சுத்தம் பாருங்க!" என்று முதலாளியிடம் அவனைக் காட்டிப் பாராட்டிவிட்டுப் போனார். முதலாளி நிறைவாகத் தலையாட்டினார். அவன் தரையைப் பார்த்தான். சுத்தத்துக்கும் அந்த ஏப்ரனுக்கும் இருந்த சம்பந்தம் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

விஷயம் இதுதான். பதினான்கு வயதில் எல்லாப் பையன்களுக்கும் குரல் உடைந்தபோது அவனுக்குக் குரல் உடைந்ததோடு நெஞ்சும் கொஞ்சம் வளர்ந்தது. இரண்டு பக்கமும் மெத்தென்று மேடு தட்டியது. விளையாட்டு வகுப்பில் ஒரு அணி சட்டையோடும் இன்னொரு அணி சட்டையில்லாமலும் ஆட வேண்டும். சட்டையில்லாத அணியில் விழுந்த நாளெல்லாம் அவனுக்கு வயிற்றுவலி வந்தது. அப்படியும் ஒருநாள் ஒருவன் பார்த்துவிட்டான். பார்த்தவன் வாயை மூடியிருக்கலாம். "பன்னு" என்று ஒரே வார்த்தை சொன்னான். பள்ளி முடியும்வரை அதுதான் பெயர். அப்படிப்பட்டவனுக்குக் கிடைத்த வேலை பன் உருட்டுவது. விதிக்கும் கொஞ்சம் கிண்டல் புத்தி உண்டு போலிருக்கிறது.

இப்போது வயது இருபத்திரண்டு. மேடு அப்படியே இருந்தது. தோளை முன்னால் வளைத்து நடக்கப் பழகிவிட்டான். பேருந்தில் பையை முதுகில் போடாமல் முன்னால் அணைத்துக்கொள்வான். சட்டையை இரண்டு விரலால் பிடித்து உடம்பிலிருந்து சற்றே இழுத்துவிட்டுக்கொள்வது மூச்சுவிடுவதுபோல் ஆகிவிட்டது. மழையில் நனைவதுதான் பெரிய பயம். நனைந்த சட்டை ஒட்டிக்கொள்ளும். ஒளிக்க எதுவும் மிஞ்சாது. நடுக்கோடையிலும் குடையோடு போவான்.

அவன் தங்கியிருந்தது அக்கா வீட்டு முன்னறையில். மாமா லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். வீட்டில் அக்காவும் அவள் கைக்குழந்தையும்தான். நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்ட அவன் ஒரு நீளமான எலாஸ்டிக் துணி வைத்திருந்தான். முதுகுவலிக்கு என்று அக்காவிடம் சொல்லியிருந்தான். துவைத்துக் கொடியின் கடைசியில், போர்வைக்குப் பின்னால் காயப்போடுவான்.

ஒருநாள் அக்கா அதை மடித்து அவன் கையில் கொடுத்தாள்.

"முதுகுவலி எப்படிடா இருக்கு?"

"பரவாயில்லக்கா."

"நேத்து கேஸ் சிலிண்டரை மாடிப்படியில ஒத்தக் கையில தூக்கிட்டு வந்தியே, அப்பவும் பரவாயில்லையா?"

அவன் மடித்த துணியை இன்னும் சின்னதாக மடித்தான். அக்கா குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கும் கண்ணு இருக்குடா. எட்டு வருஷமா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன். டாக்டர்கிட்ட போவோமா?"

அவன் சாப்பிடுவதை, தூங்குவதை, தலை வாருவதைக்கூடக் கிண்டல் செய்கிறவள் அவள். இதை மட்டும் கிண்டல் செய்யவில்லை. அதனாலேயே விஷயம் ரொம்பப் பெரிது போலிருக்கிறது என்று அவன் பயந்துபோனான்.

டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார். என்னென்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவைப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நிறையப் பையன்களுக்கு இந்த வயதில் வருவதுதான், பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும், உனக்கு எட்டு வருடமாக வடியவில்லை, இனி வடிவது சந்தேகம் என்றார். நோய் இல்லை. அப்படியே விட்டாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது. எடுத்துவிட வேண்டும் என்றால் ஆபரேஷன் செய்யலாம். செய்தால் சில வாரம் இறுக்கமான பனியன் போட்டிருக்க வேண்டும், ஒரு மாதமாவது எடை தூக்கக் கூடாது.

"அவசரமே இல்ல. யோசிச்சுட்டு வா. யாருக்காகவும் பண்ணிக்காதே" என்றார்.

மூன்று வாரம் யோசித்தான். கத்தியை நினைத்தால் வேண்டாம் என்றிருக்கும். குடையைப் பார்த்தால் வேண்டும் என்றிருக்கும். கடைசியில் ஒரு சாயங்காலம் திடீரென்று மழை பிடித்தது. தெருவில் எல்லோரும் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடினார்கள். அவன் மட்டும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஓடினான். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம், "பண்ணிக்கறேன்" என்றான்.

லீவு கேட்க வேண்டும். மாவு மூட்டை தூக்குகிற வேலையில் ஒரு மாதம் தூக்க மாட்டேன் என்றால் காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும். வழியெல்லாம் வார்த்தையை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனான். மாஸ்டர் முன்னால் நின்றதும் ஒத்திகையில் பாதிதான் வெளியே வந்தது.

"மாஸ்டர், எனக்கு நெஞ்சுல ஒரு சின்ன ஆபரேஷன்."

மாஸ்டர் கையிலிருந்த மாவு மேசையில் தொப்பென்று விழுந்தது.

"நெஞ்சுலயா? இந்த வயசுலயா?"

"ஆமா மாஸ்டர். ஒரு மாசம் வெயிட்டு தூக்கக் கூடாதாம்."

நெஞ்சு என்று ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நம் ஜனம் எத்தனை வேலை வாங்குகிறது! பக்கத்து வீட்டுக்காரன் சொன்ன சொல்லும் நெஞ்சில்தான் தைக்கும், நேற்றுச் சாப்பிட்டதும் நெஞ்சைத்தான் கரிக்கும், மாரடைப்பு வந்தவரும் நெஞ்சைத்தான் பிடிப்பார். அவன் சொன்னது வெளி நெஞ்சு. மாஸ்டர் கேட்டது உள் நெஞ்சு. அரை மணி நேரத்தில் பின்கட்டு முழுவதும் ஏப்ரனுக்கு ஹார்ட்டில் ஓட்டை என்று ஆகிவிட்டது.

அவன் திருத்தியிருக்கலாம். வாயைத் திறந்தான். அதற்குள் ஒரு நாற்காலி வந்துவிட்டது. அந்தப் பின்கட்டில் நாற்காலி ஒன்றே ஒன்று; அது மாஸ்டருடையது; அதில் வேறு யாரும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "உக்காருப்பா" என்றார் மாஸ்டர். இத்தனை நாள் 'டேய்' என்றவர் 'அப்பா' போட்டுப் பேசியதிலேயே அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மூன்று நாள் இப்படியே போனது. மூட்டையை மாஸ்டரே தூக்கினார். கடைப்பக்கமே நடமாடும் முதலாளி பின்கட்டுக்கு வந்து, "உடம்பைப் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அது மாவுத்தூசியாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும்விட அடுப்பு அண்ணன்தான் அவனைக் கொன்றார். டீக்கு நாலு கரண்டி சர்க்கரை போடுகிற மனுஷன் அவர். டம்ளரை எடுத்துக் கசப்போடு ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"என்னண்ணே, சக்கரை தீர்ந்துடுச்சா?"

"நீ நல்லபடியா எழுந்து வர்ற வரைக்கும் சக்கரை தொடறதில்லன்னு இருக்கேன். நீ கவலைப்படாதே. அந்தப் பக்கம் பார்த்துக் குடிச்சுக்கறேன்."

அன்றைக்கு அவனும் சர்க்கரை இல்லாமல்தான் குடித்தான்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் டாக்டரை ஒருமுறை பார்க்க வேண்டியிருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல், அக்காவால் வர முடியவில்லை. விஷயம் எப்படியோ மாஸ்டர் காதுக்கு எட்ட, "தனியா விட்டுடுவேனா?" என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் தன் ரத்த வகையைச் சொன்னார். தேவைப்பட்டால் அவருடைய இரண்டு தம்பிகளும் தயார் என்றார்.

"மாஸ்டர், எனக்கு ஹார்ட்டுல ஒண்ணும் இல்ல."

"எங்க சித்தப்பாவும் அப்படித்தான் சொன்னாரு. சொல்லி மூணாம் நாள் படுத்துட்டாரு."

"இல்ல மாஸ்டர். நான் சொன்ன நெஞ்சு உள்ள இல்ல. வெளிய."

"வெளியன்னா?"

சட்டையை இழுத்துப் பிடித்திருந்த விரல்களை அவன் விட்டான். அன்றைக்கு எலாஸ்டிக் துணியும் கட்டவில்லை. டாக்டர் பார்க்க வேண்டுமே. மாஸ்டர் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு மறுபடியும் பார்த்தார்.

"இதுக்கா அந்த ஏப்ரன்?"

"ம்."

"இந்த வெக்கையில? மூணு வருஷமா?"

"ம்."

மாஸ்டர் நீளமாக மூச்சு விட்டார். அதன் பிறகுதான் கோபம் வந்தது. "அடப்பாவி! உன்னைத் தொட விடாம மூணு நாளா எத்தனை மூட்டை தூக்கியிருக்கேன் தெரியுமா? என் இடுப்பு செத்துப்போச்சு! வெளியவாம்ல, வெளிய!" வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, "ரொம்பக் கஷ்டப்பட்டியாடா?" என்று கேட்டார். டேய் திரும்பி வந்துவிட்டதில் அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

உள்ளே டாக்டர், எடுக்கப்போவது ஒரு பக்கத்துக்குச் சுமார் நாற்பது கிராம் இருக்கும் என்றார். இரண்டு பேருடைய வலது உள்ளங்கையும் சொல்லிவைத்தாற்போல் மேலே எழுந்து, இல்லாத மாவை நிறுத்துப் பார்த்தன.

"நாப்பதா?" என்றார் மாஸ்டர். "ஒரு பன்னு அளவுகூட இல்லையே டாக்டர். இதை நாங்க கடையில வைக்கவே மாட்டோம்."

திரும்பும்போது பேருந்தில் மாஸ்டர் காதோடு சொன்னார்: "நான் வாயைத் திறக்க மாட்டேன். ஹார்ட்டுன்னே இருந்துட்டுப் போகட்டும்."

ஆசையாகத்தான் இருந்தது. ஹார்ட்டுக்காரனுக்கு நாற்காலி கிடைக்கும், மரியாதை கிடைக்கும். பன்னுக்காரனுக்கு என்ன கிடைக்கும் என்று அவனுக்குப் பதினான்கு வயதிலேயே தெரியும். ஆனால் பின்கட்டுக்குள் நுழைந்தபோது அடுப்பு அண்ணன் டீ டம்ளரோடு அந்தப் பக்கம் திரும்பி நின்று விழுங்கிக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் பொய் சொல்ல அவனால் முடியாது.

"அண்ணே, சக்கரை போட்டுக் குடிங்க" என்றான். மேசையோரம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பள்ளியில் வைத்த பெயரைக்கூட விடவில்லை.

அடுப்பு அண்ணன் டம்ளரில் நான்கு கரண்டி சர்க்கரை போட்டு, பொறுமையாகக் கலக்கி, ஒரு மடக்குக் குடித்துக் கண்ணை மூடித் திறந்தார். பிறகு தன் நெஞ்சில் இரண்டு கையாலும் பட்டென்று தட்டினார். அது இரண்டு மூன்று முறை குலுங்கி நின்றது.

"என்னுதைப் பாருடா. நான் எந்த டாக்டர்கிட்ட போனேன்?"

"உங்களுக்கு அது வயித்தோட தம்பிண்ணே. யாரும் தனியா பார்க்க மாட்டாங்க."

பின்கட்டு சிரித்தது. மாஸ்டர் மாவில் ஒரு கிள்ளு கிள்ளித் தராசில் வைத்தார். சரியாக நாற்பது. "ஒரு பக்கத்துக்கு இவ்வளவுதானாம்" என்றார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"இத்தனூண்டா? இதுக்கா எட்டு வருஷம் கூன் போட்டு நடந்தே?" என்றார் அண்ணன்.

அவன் உருண்டையை எடுத்து அண்ணனின் மூக்கு நுனியில் ஒட்டினான். "இத்தனூண்டுதான். இதோட பஸ்ஸுல போயிட்டு வாங்கண்ணே, தெரியும்."

அன்றைக்குக் கிளம்பும்போது அண்ணன் அவன் பின்னாலேயே வாசல்வரை வந்தார். மூக்கில் இன்னும் கொஞ்சம் மாவு இருந்தது.

"எங்க சின்னவன், பதினஞ்சு வயசு. வீட்டுக்குள்ளகூடச் சட்டையைக் கழட்ட மாட்டேங்கறான். திமிருன்னு நெனச்சேன்..."

"பதினஞ்சுதானேண்ணே. பெரும்பாலும் தானா வடிஞ்சுடும்னுதான் டாக்டர் சொன்னாரு. எதுக்கும் ஒருதடவை காட்டிடுங்க. பேரு மட்டும் வச்சுடாதீங்க."

அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஏற்கெனவே வைத்துவிட்டார் என்று அவனுக்குப் புரிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலித்தது, வீங்கியது, நெஞ்செல்லாம் கன்றிக் கத்தரிக்காய் நிறமானது, பிறகு அடங்கியது. இறுக்கமான பனியனை அக்கா பூட்டிவிடும்போதெல்லாம், "இப்ப முதுகுவலி எப்படி?" என்று கேட்டுச் சிரித்தாள். அவளும் பழையபடி ஆகிவிட்டாள்.

ஐந்தாவது வாரம் வேலைக்குப் புறப்பட்டான். வழியில் தூறல். குடையை வேண்டுமென்றே வீட்டில் விட்டிருந்தான். தோளை நிமிர்த்திக்கொண்டு நனைந்தபடி நடந்தான். விரல்கள் மட்டும் பழக்கத்தில் இரண்டு முறை சட்டை நுனிக்குப் போய், வேலையில்லாமல் திரும்பி வந்தன. இன்றைக்குப் பனியனோடு நிற்பதென்று முடிவு செய்திருந்தான். அந்த அடுப்புக் காற்று நெஞ்சில் எப்படிப் படும் என்று பார்க்க வேண்டும்.

பின்கட்டில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். திரும்பினால் மாஸ்டர், அடுப்பு அண்ணன், எல்லோரும் கழுத்திலிருந்து முழங்கால்வரை புத்தம்புது ஏப்ரனில் வியர்த்து வடிந்துகொண்டு நின்றார்கள். அண்ணனுக்கு நாடா எட்டவில்லை. பின்னால் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தது.

"சுகாதார அதிகாரி மறுபடியும் வந்தாரு. அந்தச் சுத்தமான தம்பி எங்கன்னு கேட்டாரு" என்றார் மாஸ்டர். "அன்னைக்கே முதலாளி சட்டம் போட்டுட்டாரு."

அண்ணன் ஒரு ஏப்ரனை எடுத்து அவன் முகத்தில் வீசினார்.

"உன்னாலதாண்டா இது! கட்டுடா!"